மைனஸ் 13 டிகிரியைப் பார்த்த டையூன்: கரிசல் மண்ணில் ஒரு சைகட் பிழைத்த விவரம்

2021 பிப்ரவரிப் பனியில் செத்துவிட்டதாக நினைத்து, எங்கள் தெருவில் மார்ச், ஏப்ரல் இரண்டே மாதத்தில் 11 சேகோ பாம்களைப் பிடுங்கிக் குப்பை வண்டிக்குப் போட்டார்கள். நடக்கப் போகும்போது எண்ணினேன். அதில் பாதியாவது உயிரோடு இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன், ஏனென்றால் அந்தக் குவியலில் இருந்து நான் தூக்கி வந்த ஒன்று ஆறு மாதம் கழித்துக் குருத்து விட்டது. அதே பனியில் நின்ற என் டையூன் செடியும் பிழைத்தது, அதுவும் சேகோ மாதிரி சைகட் என்ற கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அதற்கு மூன்று வருடம் முன்பு, பனியே இல்லாத மழைக்காலத்தில், இதே இனத்துச் செடி ஒன்றை நான் அழுகவிட்டிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

நான் இருப்பது டெக்சஸில், ஆஸ்டினை ஒட்டிய ஃப்ளூகர்வில்லில். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். இங்கே வீடு வாங்கி, கொல்லையில் முதல் தடவை மண்வெட்டியை இறக்கியபோது ஊருக்கே வந்துவிட்டது போல இருந்தது. அதே கறுப்பு, ஈரத்தில் காலோடு வருகிற அதே பசை, கோடையில் கை நுழைகிற அளவு அதே வெடிப்பு. ஐ-35 நெடுஞ்சாலைக்கு மேற்கே போனால் அரையடி மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை தட்டும், கிழக்கே இந்தக் கரிசல். ஹூஸ்டன் பிளாக் என்று இதற்குப் பெயர். மண்ணியலில் நம் கரிசலும் இதுவும் வெர்டிசால் என்ற ஒரே வகையில் வருபவை.

சைகட் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் நர்சரியில் 'சைகஸ்' என்று விற்கிறார்களே, அந்தக் குடும்பம். பார்க்கப் பனை மாதிரி இருக்கும், பனைக்கும் இதற்கும் உறவு கிடையாது. பூக்காது, கூம்புதான் விடும், ஆண் வேறு பெண் வேறு. டைனோசர்கள் காலத்திலேயே இருந்த கூட்டம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் ஈந்தும் ஒரு சைகட்தான், அதன் ஆண் கூம்புச் செதில்தான் நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப் பூ என்று கிடைப்பது. இங்கே வீட்டுக்கு வீடு நிற்கும் சேகோ பாம், ஜப்பானின் தென்பகுதியில் இருந்து வந்த சைகஸ் ரெவல்யூட்டா. சேகோ என்றதும் நமக்கு ஜவ்வரிசி ஞாபகம் வரும். சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு மாவு, அதற்கும் இந்தச் செடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தச் செடி முழுக்க விஷம். சைகாசின் என்ற நச்சு எல்லாப் பாகத்திலும் இருக்கிறது, விதையில் அதிகம். இரண்டு விதையைக் கடித்த நாய்கூடக் கல்லீரல் போய்ச் செத்துவிடும். வீட்டில் நாயோ தவழும் பிள்ளையோ இருந்தால் வேறு செடி வையுங்கள், இதை நான் எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

நான் தேடியது சேகோ பாமைவிடக் குளிரிலும் வறட்சியிலும் நின்று பிடிக்கிற ஒன்றை. அப்படிக் கிடைத்ததுதான் டையூன் எடூலே. கிழக்கு மெக்சிகோவில், சியரா மாத்ரே ஓரியன்டல் மலைச் சரிவுகளில், பல இடங்களில் சுண்ணாம்புப் பாறை இடுக்கிலேயே வேரை விட்டு நிற்கும் செடி. மழை பெய்து வழிந்து ஓடிவிடும் சரிவு, அப்புறம் மாதக்கணக்கில் காய்ச்சல். அடித்தண்டு முழுக்க மாவும் ஈரமும் சேர்த்து வைத்திருக்கும். வேரில் பவளம் மாதிரிக் கிளைத்த ஒரு பகுதி மண்ணின் மேற்பரப்புக்கு ஏறி வரும், அதற்குள் நீலப்பசும்பாசி குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும், அதனால் உரம் பெரிதாகக் கேட்காது. வளர்ச்சிதான் மிக மெது. சிகாகோ பல்கலைக்கழகத் தாவரவியலாளர் சார்லஸ் சேம்பர்லின் 20-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வேராகுரூஸ் காடுகளுக்குப் போய், தண்டில் உள்ள மட்டைத் தழும்புகளை எண்ணி, ஆளுயரச் செடிக்கு ஆயிரம் வயதுக்கு மேல் இருக்கலாம் என்று கணக்குப் போட்டார். அந்த வரியைப் படித்த அன்றே இந்தச் செடி வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

2017 வசந்தத்தில் முதல் செடி வந்தது. நட வந்த தோட்டக்காரர் சொன்னபடி மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டி, எடுத்த கரிசலை அப்புறப்படுத்திவிட்டு, மூட்டையில் வந்த தொட்டி மண்ணைக் கொட்டி நட்டோம். முதல் வருடம் அழகாக இருந்தது. 2018 செப்டம்பர், அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்டின் நகரம் வெள்ளத்தால் கலங்கிய குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்ன அதே மழை. நவம்பரில் ஒரு மட்டை மஞ்சளானது, தொட்டதும் கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. தண்டை அசைத்தால் ஆடியது. தோண்டிப் பார்த்தபோது குழிக்குள் ஒரு சாண் தண்ணீர் நின்றது, மேலே மண் காய்ந்து கிடக்க, கீழே தண்ணீர். தண்டின் அடி வெண்ணெய் மாதிரிக் குழைந்திருந்தது, புளித்த மாவு வாடை.

அன்றைக்கு ராத்திரி அப்பாவுக்கு வீடியோ காலில் குழியைக் காட்டினேன். மானாவாரி விவசாயம் பார்த்தவர். பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "ஏய்யா, கரிசல்ல குழியத் தோண்டி உதிரி மண்ணக் கொட்டுனா அது குழியா? தொட்டில்லா. சுத்தி இருக்குற தண்ணியெல்லாம் அங்கதான வந்து நிக்கும். பேசாம மேட்டப் போட்டு மேல வச்சிருக்க வேண்டியதுதான?"

அவ்வளவுதான் நோய்க்காரணம். வறட்சி தாங்கும் செடி என்று எழுதியிருந்தால் அதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, நிற்கும் ஈரத்தை அது தாங்காது. செடியோடு வந்த அட்டையில் அந்த மறுபக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

2019 மார்ச்சில் இரண்டாவது செடி. இந்த முறை குழியே தோண்டவில்லை. தெற்குப் பார்த்த செங்கல் சுவருக்கு நாலடி தள்ளி, கரிசலின் மேலேயே ஒன்றரையடி உயர மேடு போட்டேன். ஆறடி அகலம். கலவை: பாதி டி.ஜி. என்று இங்கே எல்லோரும் சொல்லும் சிதைந்த கிரானைட் பொடிக்கல், கால் பங்கு சூளையில் சுட்டு உப்ப வைத்த ஷேல் கல், கால் பங்கு அதே கரிசல். கரிசலை முழுக்க ஒதுக்காததற்குக் காரணம் உண்டு. வேர் என்றைக்காவது மேட்டைத் தாண்டி இறங்கித்தான் ஆக வேண்டும், இரண்டு மண்ணுக்கும் நடுவில் சுவர் மாதிரி ஒரு எல்லை இருந்தால் அங்கேயே நின்று சுற்றிக்கொள்ளும். தொட்டியில் சுருண்டிருந்த வேரைக் கழுவிப் பிரித்து, ஒரு வாரம் நிழலில் ஆற வைத்து, தண்டின் முக்கால்வாசி மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி நட்டேன். அப்போது தண்டு 22 செ.மீ. உயரம், 12 மட்டை. முதல் வருடம் வாரம் ஒரு வாளி தண்ணீர், அடுத்த வருடம் இரண்டு வாரத்துக்கு ஒன்று.

இப்போது 2021 பிப்ரவரி.

குளிர் வரப்போகிறது என்று ஒரு வாரம் முன்பே தெரியும். ஞாயிறு 14-ம் தேதி மத்தியானம் மேட்டின் மேல் பைன் பட்டை மூடாக்கை ஒரு சாண் கனத்துக்குக் குவித்தேன், குருத்து நுனி மூழ்கும் வரை. மட்டைகளைச் சேர்த்துக் கட்டி, உள்ளே பழைய குண்டு பல்பு அலங்கார விளக்குச் சரத்தைச் சுற்றி (எல்.இ.டி. சரம் சூடு தராது, இதற்கு உதவாது), மேலே உறைபனித் துணியைத் தரை வரை இழுத்துக் கல் வைத்தேன். வாசலில் இருந்த இரண்டு சேகோ பாமுக்குத் துணி மட்டும். அன்று இரவு அரையடிக்குப் பனி கொட்டியது. 15-ம் தேதி விடியும் முன் கரன்ட் போனது, டெக்சஸ் முழுக்க லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போன அதே மின்வெட்டு. பிள்ளைகளை ஒரே அறையில் போர்வைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஜன்னல் வழியே துணிக்குள் மங்கலாக எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்துபோயிருப்பதைப் பார்த்தேன். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியின் கீழ்முள் 8 ஃபாரன்ஹீட்டில் நின்றது. மைனஸ் 13 செல்சியஸ். அதற்குப் பிறகும் சில இரவுகள் உறைநிலைக்குக் கீழேதான்.

பனி உருகிய பிறகு துணியை எடுத்தேன். மட்டைகள் உடனே பழுக்கவில்லை. முதலில் வெந்நீரில் போட்ட கீரை மாதிரி ஒரு கரும்பச்சை, ஒரு வாரத்தில் வைக்கோல் நிறம். டையூன், சேகோ இரண்டு, மூன்றுமே ஒரே மாதிரி வைக்கோல். இந்த இடத்தில்தான் ஊரே பிடுங்கிப் போட்டது. எனக்கும் கை அரித்தது உண்மை. ஆனால் 2018-ல் அழுகிய தண்டைத் தொட்ட விரல் என்னுடையது, அழுகல் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும். மூடாக்கை விலக்கி, கட்டை விரலால் குருத்து நுனியை அழுத்திப் பார்த்தேன். மேலே பழுப்பு ரோமம், அதற்குக் கீழே தேங்காய் ஓடு மாதிரி கெட்டி. பக்கவாட்டில் நாலு இடத்தில் அழுத்தினேன், எங்கேயும் உள்வாங்கவில்லை. முகர்ந்தேன், மண் வாடைதான். சேகோ இரண்டில் ஒன்று அதே மாதிரி கெட்டி. இன்னொன்றில் விரல் ஒரு அங்குலம் உள்ளே போனது.

இங்கே நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். விரல் இறங்கிய சேகோவுக்கு, பாவம் அடிபட்டுக் கிடக்கிறதே என்று, உரம் கலந்த தண்ணீரை இரண்டு தடவை ஊற்றினேன். மட்டையே இல்லாத செடி தண்ணீரை எங்கே கொண்டு போகும்? வேர் சும்மா ஈரத்தில் ஊறியது. ஏப்ரல் கடைசியில் தண்டு முழுக்கக் கூழ். அது பனியில் செத்திருக்கலாம், ஆனால் என் தண்ணீரும் கொன்றது என்பதுதான் என் தீர்ப்பு.

டையூனுக்கும் மிஞ்சிய சேகோவுக்கும் ஒரு சொட்டு தண்ணீர் விடவில்லை. மார்ச் பாதியில், இனி உறைபனி வராது என்று தெரிந்த பிறகு, காய்ந்த மட்டைகளைத் தண்டில் இருந்து இரண்டு விரல் விட்டு வெட்டினேன். அதுவரை அவற்றை வைத்திருந்தது குருத்துக்குப் போர்வையாக. மே மாதம் மழை விடாமல் பெய்ததால் ஒரு பழைய மண்தொட்டியைக் கவிழ்த்து, அடியில் மூன்று கல் கொடுத்து, குருத்தின் மேல் குடை மாதிரி வைத்தேன். காற்று போகும், மழை விழாது. இது எந்தப் புத்தகத்திலும் பார்த்தது இல்லை, அம்மா நட்ட முருங்கைக் கம்புக்குச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

எதிர் வீட்டுப் பெரியவர் ஏப்ரலில் தன் சேகோவைப் பிடுங்கித் தெருவோரம் வைத்தபோது கேட்டு வாங்கிக்கொண்டேன். அதன் கொண்டை மட்டும் அழுகியிருந்தது. ஒரு பழைய கரண்டியால் கூழைச் சுரண்டி எடுத்தேன். வெள்ளையாக, நறுக்கிய சேனைக்கிழங்கு மாதிரிச் சதை தெரியும் வரை எடுத்து, கந்தகப் பொடியைத் தடவி, கார் ஷெட்டில் மூன்று வாரம் காய வைத்துவிட்டு வெறும் பொடிக்கல்லில் நட்டேன்.

மார்ச், ஏப்ரல், மே, ஜூன். ஒன்றும் இல்லை. வாரம் ஒரு தடவை தொட்டியைத் தூக்கி விரலை வைத்துப் பார்ப்பது, கெட்டியாக இருந்தால் திரும்ப மூடுவது, இவ்வளவுதான் சிகிச்சை. ஜூலை 19 காலையில் தூக்கினால் டையூனின் ரோமம் நடுவில் பிளந்து, வெளிறிய நீலப்பச்சையில் ஒன்பது நுனிகள். குருத்து இலை பூனைக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று இருக்கும். நான் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அதைத் தடவிப் பார்க்கச் சொன்னேன், ஏனென்றால் ஒரு மாதத்தில் அதே இலை நுனியில் முள்ளாகி, தொட்டால் குத்தும். ஒன்பதும் சிறியவை, வழக்கமான மட்டையில் பாதி நீளம்தான். சேகோ ஆகஸ்டில் துளிர்த்தது. பெரியவருடையது அக்டோபரில், உச்சியில் இல்லாமல் பக்கத்தில் மூன்று கன்றாக.

அதைத் தொட்டியோடு எடுத்துப் போய் அவர் கையில் கொடுத்தேன். பதிலுக்கு என் கொல்லைக்கு வந்து டையூனைப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் மெக்சிகோவின் தமவுலிபாஸ் மாநிலத்துக்காரர். இதை அவர்கள் ஊரில் 'சமால்' என்பார்களாம், பஞ்சகாலத்தில் பாட்டி இதன் விதையைப் பல தண்ணீரில் வேக வைத்து, அரைத்து ரொட்டி தட்டுவாராம். நச்சை இறக்கத் தெரிந்தவர்கள் செய்கிற வேலை அது. மலபாரில் ஈந்து விதையை நாள்கணக்கில் காய வைத்து, ஊற வைத்து மாவாக்குவதும் இதே அறிவுதான். எடூலே என்றால் லத்தீனில் உண்ணத்தக்கது என்று பொருள். பெயரை நம்பி யாரும் வாயில் வைத்துவிட வேண்டாம்.

2022 வசந்தத்தில் 14 மட்டை, முழு நீளத்தில். அந்த டிசம்பரில் மறுபடி குளிர், என் வெப்பமானியில் 14 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 10. இந்த முறை கரன்ட் போகவில்லை, விளக்குச் சரம் எரிந்தது, முக்கியமாக மண் காய்ந்திருந்தது. மட்டைகளில் வெளிச்சுற்று மட்டும் நுனி கருகியது. துணி போடாத வாசல் சேகோ முழுக்க வைக்கோல். 2023 பிப்ரவரி பனிக்கட்டி மழையில் குளிர் பெரிதாக இல்லை, ஆனால் பக்கத்து வீட்டு ஓக் கிளை கட்டியின் பாரத்தில் முறிந்து விழுந்து மூன்று மட்டையை உடைத்தது.

அந்த வருடக் கோடைதான் வறட்சிக்கான பரீட்சை. ஆஸ்டினில் 45 நாள் தொடர்ந்து 100 ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 38 செல்சியஸைத் தாண்டியது, வருடம் முழுக்கச் சேர்த்தால் 80 நாள். புல்தரைக்கு வாரம் ஒரு நாள்தான் தெளிப்பான் போடலாம் என்று கட்டுப்பாடு. டையூனுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரண்டு வாளி, மேட்டின் விளிம்பில், தண்டில் படாமல். ஏப்ரலிலேயே துளிர்விட்டு, ஜூனுக்குள் மட்டை இறுகிவிட்டதால் வெயில் அதை ஒன்றும் செய்யவில்லை. துளிர் இளசாக இருக்கும் அந்த ஐந்தாறு வாரம் மட்டும் தண்ணீரைக் குறைக்காதீர்கள், அப்போது காய்ந்தால் இலை கோணிக்கொண்டு, அடுத்த துளிர் வரை அப்படியே நிற்கும். வாசல் சேகோவில் புதுக் குருத்து மஞ்சளாக, பொசுங்கியது மாதிரி சுருண்டு வந்தது. அது வெயில் இல்லை, மாங்கனீசு பற்றாக்குறை. சுண்ணாம்பு அதிகமான மண் மாங்கனீசைப் பூட்டி வைத்துக்கொள்ளும். மாங்கனீசு சல்பேட் போட்டேன், அடுத்த துளிர் சரியாக வந்தது. டையூனில் அந்தக் குறையே வந்தது இல்லை, சுண்ணாம்புப் பாறையில் பிறந்த இனம்.

2023 நவம்பரில் அமெரிக்க வேளாண் துறை புதிய குளிர் மண்டல வரைபடம் வெளியிட்டது. ஆஸ்டினின் பெரும்பகுதி 8பி மண்டலத்தில் இருந்து, குளிர் குறைந்த 9ஏ-வுக்கு ஏறிவிட்டது. நர்சரிகளில் உடனே இன்னும் மென்மையான செடிகள் வந்து இறங்கின. அந்த எண் 1991 முதல் 2020 வரை ஒவ்வொரு வருடத்தின் மிகக் குளிர்ந்த இரவையும் எடுத்துப் போட்ட சராசரி. 2021 பிப்ரவரி அதில் சேரவே இல்லை, சேர்ந்திருந்தாலும் சராசரிக்குள் கரைந்திருக்கும். ஆயிரம் வருடம் நிற்கக்கூடிய செடியை வைக்கிறவர்கள் சராசரியைப் பார்த்து வைக்கக் கூடாது, நினைவில் இருக்கிற மோசமான இரவைப் பார்த்து வைக்க வேண்டும். மேடு, மூடாக்கு, துணி மூன்றையும் நான் அந்த 8 ஃபாரன்ஹீட்டுக்குத்தான் தயார் செய்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு செடியும் பக்கத்து மேட்டில் இருக்கிறது, சைகஸ் பன்ஜிஹுவாயென்சிஸ். சீனாவின் சிச்சுவானில் பன்ஜிஹுவா நகரத்தை ஒட்டிய காய்ந்த பள்ளத்தாக்குச் செடி, 1981-ல்தான் தனி இனமாகப் பெயர் பெற்றது. 2022 டிசம்பர் குளிரை டையூனைவிட நன்றாகத் தாண்டியது. ஒரே செடியை, அதுவும் ஒரு குளிரை வைத்து இதுதான் சிறந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இன்னும் சில வருடம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

2024 ஜூனில் டையூனின் நடுவில் துளிருக்குப் பதிலாக ஒரே ஒரு மொட்டு. மட்டை என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் ஒரு சாண் உயர்ந்து, பழுப்பு ரோமம் போர்த்த கூம்பாக நின்றது. ஒல்லியான கூம்பு, ஆண். எதிர் வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, தமவுலிபாஸில் தங்கை வீட்டுக்குப் பின்னால் பெண் செடி ஒன்று இருப்பதாகச் சொன்னார். தண்டை அளந்தேன், 25 செ.மீ. ஐந்து வருடத்தில் மூன்று சென்டிமீட்டர்.